அட்ரினலின் சுரக்கும்போது இதயம் விரைவாகத் தளர்வது எப்படி?

முதலாண்டு மருத்துவ மாணவி, சென்னை:
இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் கூடினால் சுருக்கம் வலுக்கும் என்று படித்தோம். அட்ரினலின் சுரந்தால் கால்சியம் மிகுதியாக உள்ளே வரும் என்பதும் புரிகிறது. அப்படியானால் அதை அகற்றவும் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டுமே? தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும்போது நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும் இதயத்துக்கு, இடையில் தளர்ந்து குருதியை நிரப்பிக்கொள்ள அவகாசம் எங்கே கிடைக்கிறது?

உடலியங்கியல் ஆசிரியர்:
பலர் கேட்காமல் கடந்துவிடும் கேள்வி இது. ஓய்வில் செல்லுக்குள் தனித்திருக்கும் கால்சியம் ஏறத்தாழ 100 நானோமோலார். வெளியே அதைப்போல் 10,000 மடங்குக்கும் மேல். மின்தூண்டல் வந்ததும் செல் சவ்விலுள்ள எல் வகைக் கால்சியக் கால்வாய்கள் வழியே நுழையும் சிறிதளவு கால்சியம், செல்லுக்குள் கால்சியக் கிடங்காக இருக்கும் சார்கோபிளாச வலையிலுள்ள ரயனோடின் ஏற்பிகள் என்னும் வாயில்களைத் திறக்க, அங்கே சேமித்திருந்த கால்சியம் பெருமளவில் வெளிவந்து சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் டிரோபோனின் என்ற புரதத்துடன் சேர்கிறது. தசை தளர வேண்டுமானால், செர்கா என்னும் பம்பு அதைத் திரும்ப வலைக்குள் இறைக்க வேண்டும். அந்தப் பம்பை எப்போதும் ஓரளவு அடக்கி வைத்திருப்பது, 52 அமினோ அமிலங்களே கொண்ட பாஸ்போலம்பான் என்ற புரதம். அட்ரினலின் செல் மேற்பரப்பிலுள்ள பீட்டா ஏற்பியைத் தூண்டும்போது, புரதக் கைனேஸ் ஏ என்ற நொதி பாஸ்போலம்பான்மீது பாஸ்பேட்டை ஏற்றுவதால் அந்தத் தடை தளர்கிறது. அதே நொதி கால்வாய்களையும் கூடுதலாகத் திறக்க வைக்கிறது. வரவும் மிகுகிறது, இறைப்பும் விரைகிறது. வலை நிறைந்திருப்பதால் அடுத்த துடிப்பும் வலுக்கிறது.

ஆய்வு மாணவர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெளியிலிருந்து நுழைந்த அளவு வெளியேறியே ஆக வேண்டும். 3 சோடியம் அயனிகளை உள்ளே விட்டு 1 கால்சியத்தை வெளியேற்றும் பரிமாற்றியே பெரும்பாலும் அதைச் செய்கிறது. தளர்வின்போது கால்சியத்தை அகற்றுவதில், எலி இதயத்தில் செர்காவின் பங்கு சுமார் 92 விழுக்காடு, முயலில் சுமார் 70. மனித இதயம் முயலுக்கே நெருக்கமானது.

மாணவி:
நன்றி ஐயா. அப்படியென்றால் பாஸ்போலம்பானே இல்லாத இதயம் இன்னும் நன்றாக இயங்குமா?

ஆய்வு மாணவர்:
சுண்டெலிகளில் அந்த மரபணுவை நீக்கியபோது இதயம் வலுவாகவே இயங்கியது. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் அம்மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்த மனிதர்கள், இளம் வயதிலேயே இதயம் விரிந்து செயலிழக்கும் நோய்க்கு ஆளானது 2003இல் பதிவானது. தடையே இல்லாத பம்பில், ஓடும் நேரத்தில் அட்ரினலின் விலக்குவதற்கு எதுவும் மிச்சமிருக்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.