மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய மருந்து: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூத்த மகள்:
அப்பாவுக்குக் காய்ச்சல், சளி, உடம்புவலி. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே மூன்று மாத்திரை வாங்கி வைத்திருந்தார். பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. "இது காய்ச்சலுக்கு, இது சளிக்கு, இது வலிக்கு. எல்லாம் வேற வேறம்மா" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அட்டைகளைப் புரட்டிப் படித்தால் மூன்றிலும் பாராசிட்டமால்! காய்ச்சலுக்கு 650 மி.கி. நான்கு வேளை, சளி மாத்திரையில் 500 மூன்று வேளை, வலி மாத்திரையில் இபுப்ரோஃபெனோடு 325 இரண்டு வேளை. கூட்டினால் ஒரு நாளைக்கு 4,750 மி.கி. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 தான் உச்சம். அப்பா ஒல்லியான ஆள், வயதும் ஆகிவிட்டது. அவருக்கு அதற்கும் கீழேதான் இருக்க வேண்டும்.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாராசிட்டமால் அளவு மீறினால் வரும் ஈரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் "எல்லாம் வேற வேற" என்று அப்பா அவ்வளவு உறுதியாகச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

இரவுப்பறவை:
என் அறைத்தோழன் கதை இது. மூக்கடைப்புச் சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின். சளி எப்போதோ போய்விட்டது, சொட்டு மட்டும் போகவில்லை. ஒரு நாள் பேருந்தில் பாதி வழியில் பையைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தான். குப்பியை மறந்து வந்திருக்கிறான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் புதுக் குப்பி வாங்க ஓடினான். அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனபோதுதான், அடைப்பை உண்டாக்குவதே அந்தச் சொட்டுதான் என்று தெரிந்தது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறக்கிறது. சில நாட்களைத் தாண்டினால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். வேறொரு ஸ்பிரே கொடுத்து மெதுவாக விடவைத்தார்கள்.

அச்சுப்பிழை:
மூத்த மகள் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தம். அட்டையைப் புரட்டிப் படித்தேன் என்கிறீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பளபளக்கும் தகட்டில் அத்தனை சின்ன எழுத்தை அறுபது தாண்டியவர் எப்படிப் படிப்பார்? முதல் மாத்திரையைக் கிழித்ததுமே பாதிப் பெயர் போய்விடுகிறது. விற்பவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

என் அத்தை தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவே இல்லை. டாக்டர் "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அத்தை "ஒன்றுமில்லை" என்றார். பக்கத்தில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் மெல்லுகிறவர் அவர்! சீட்டு இல்லாமல் வாங்குவதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. 4 மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொன்னார்கள்.

பழைய கவுண்டர்:
மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அச்சுப்பிழை, கேட்டாலும் பலர் பதில் சொல்வதில்லை. ஒருவர் அவசரமாக வந்து "பேதி உடனே நிக்கணும், லோபெரமைடு குடுங்க" என்றார். யாருக்கு என்று கேட்டால் கோபம். நான் விடவில்லை. கடைசியில் பார்த்தால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு. அந்த வயதில் அதைக் கொடுக்கவே கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்து, பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டரிடம் அனுப்பினேன்.

அதனால் தயவுசெய்து கேட்பதற்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்: யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து ஓடுகிறது, கர்ப்பமா. பிரஷர் இருப்பவர்கள் சளி மாத்திரையில் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் பக்கம் போகாதீர்கள். டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அது வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின் பேச்சே கூடாது, ரை சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து இருக்கிறது. சளிக்கு குளோர்ஃபெனிரமின் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். பேதியோடு ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் நிறுத்தும் மாத்திரை கேட்காதீர்கள். தலைவலி மாத்திரை மாதத்தில் பாதி நாள் தேவைப்பட்டால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகியிருக்கலாம்.

இரவுப்பறவை:
ஐயா, நல்ல விஷயம்தான். ஆனால் கோபப்படுகிறவரிடமும் விடாமல் கேட்க எல்லாக் கடையிலும் ஆள் இருக்கிறார்களா?

சிட்டுக்குருவி:
இல்லை என்பதற்கு என் தங்கை வீட்டில் நடந்ததே சாட்சி. குழந்தைக்கு எப்போதும் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் கேட்டாள். அதே பெயர், அதே நிறப் பெட்டி. வழக்கம்போல 5 மில்லி ஊற்றி வாயருகே கொண்டுபோய்விட்டாள். அம்மாதான் "இரு, குப்பி ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கையைப் பிடித்தார். கொடுத்திருந்தது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. அவள் வழக்கமாகக் கொடுக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி. இந்தச் சொட்டில் 1 மில்லிக்கே 100 மி.கி. அந்த 5 மில்லியில் 500 மி.கி. இருந்தது, நான்கு மடங்கு! குழந்தைக்கு 10 கிலோ எடை. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. கணக்கில் ஒரு வேளைக்கு 100 முதல் 150 போதும்.

கைக்குழந்தைக்கானது சிரப்பைவிட நீர்த்துத்தான் இருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சில துளியில் முடிய வேண்டும் என்பதால் அது அடர்த்தியாக இருக்கிறது. பெட்டியில் பெயருக்குக் கீழே ஒரு மில்லிக்கு எத்தனை மி.கி. என்பதைப் பாருங்கள். சொட்டோடு வரும் அளவுக்குழாயைத் தூக்கிப் போடவும் வேண்டாம், வேறு மருந்துக்கு எடுக்கவும் வேண்டாம்.