வில்சன் நோய்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா:

மகளுக்குக் காமாலை வருவதும் போவதுமாக இருந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஈரல் டாக்டர் எங்களைக் கண் டாக்டரிடம் அனுப்பியபோது ஒன்றும் விளங்கவில்லை. கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று பார்க்கத்தானாம். தெரிந்தது. சாப்பாட்டில் வரும் தாமிரத்தில் மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். அதற்கான ஏடிபி7பி மரபணு இவளுக்குப் பழுது. அதனால் தாமிரம் ஈரலிலும் கண்ணிலும் மூளையிலும் தேங்கிவிடும், அதுதான் வில்சன் நோய். அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். நானும் அவரும் மாமன் மகள், அத்தை மகன்.

தேங்கிய தாமிரத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன் மாத்திரை கொடுக்கிறோம். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு, இல்லாவிட்டால் 2 மணி நேரம் கழித்து. கூடவே வைட்டமின் பி6. ஈரல் நன்றாகத் தேறிவிட்டது. இப்போது தலைவலி அவள் தம்பிதான். கூடப் பிறந்தவர்களுக்கு 4-ல் 1 வாய்ப்பு என்று அவனையும் சோதித்தார்கள். இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. சாப்பாட்டுத் தாமிரம் உடம்பில் சேராமல் தடுக்கும் துத்தநாக மாத்திரை மட்டும். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கும்மா?" என்று தினமும் பஞ்சாயத்து.

தஞ்சாவூரிலிருந்து:

அவனை விட்டுவிடாதீர்கள் அக்கா. எனக்குத் தெரிந்த ஒருவர் உடம்பு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினார். ஈரல் செயலிழந்து, மாற்று ஈரல் வைக்கும் வரை போனது. புது ஈரலில் தாமிரம் சேராது, சரி. ஆனால் அதை உடம்பு ஏற்றுக்கொள்ள ஆயுளுக்கும் வேறு மாத்திரை.

எனக்கு வந்தது மூளையில். கையெழுத்து கோணியது, பேச்சு குழறியது. குடித்துவிட்டு வருகிறான் என்றே கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். மருந்து தொடங்கியதும் நடுக்கம் கூடிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லி, குறைந்த அளவில்தான் ஆரம்பித்திருந்தார்; இல்லையென்றால் வீட்டில் அன்றே நிறுத்தியிருப்பார்கள். பேச்சு திரும்பிவிட்டது. கையெழுத்து முழுதாக வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. தாமிர அளவு பார்க்க 24 மணி நேரச் சிறுநீரைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோவதில்தான் இன்னும் கூச்சம்.

அப்புறம், தாமிரம் அதிகமுள்ள ஈரல் வறுவல், நண்டு, முந்திரி, காளான், சாக்லேட் எல்லாம் ஆரம்பத்தில் கட். உடம்புக்கு நல்லது என்று யாராவது செப்புக் குடம் பரிசளித்தால் கொலுவில் வையுங்கள், தண்ணீர் வைக்காதீர்கள்.

கோவையிலிருந்து:

கல்யாணமாகாத பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக இது. நான் முழுகாமல் இருந்தபோது மாத்திரையை விட்டுவிடச் சொல்லி மாமியார் ஒரே பிடிவாதம். டாக்டர் அளவைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. கணவருக்கும் மரபணுச் சோதனை செய்தோம். அவரிடம் அந்தப் பழுது இல்லை. அதனால் என் மகள் அதைச் சுமப்பாள், நோய் வராது என்றார்கள். அவளுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளைக்கும் இதே சோதனை கேட்பேன், சொந்தமாக இருந்தாலும் சரி.