மூன்று வாரப் பிள்ளையை நெஞ்சோடு கட்டித் தூக்கலாமா? எந்தக் கரியர் நல்லது?

கேள்வி: கல்லடியிலிருந்து ஒரு தாய்

வணக்கம். எனக்கு முதல் பிள்ளை, பெண். பிறந்து மூன்று வாரம். பிறக்கும்போது 2.7 கிலோ. போன கிழமை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து நிறுத்தபோது 3 கிலோவைத் தொட்டிருந்தாள். வயிற்றில் தலை மேலும் கால் கீழுமாக இருந்ததால் சிசேரியன் செய்துதான் எடுத்தார்கள்.

கணவருக்குக் கட்டாரில் வேலை. அம்மாதான் கூட நிற்கிறார், அவருக்கோ முழங்கால் வருத்தம். பிள்ளை எங்கள் மேல் கிடந்தால் நன்றாக உறங்குகிறாள், ஏணையில் போட்ட உடனே விழித்து அழுகிறாள். ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் கரியர் பற்றி யோசிக்கிறேன்.

மச்சாள் கொழும்பிலிருந்து ஒன்று அனுப்பியிருக்கிறாள். தடித்த துணி, பக்கிள், இடுப்புப் பட்டி எல்லாம் உண்டு. பெட்டியில் 3.5 முதல் 15 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. வைத்துப் பார்த்ததில் தலை துணிக்குள் அமிழ்ந்து முகமே தெரியவில்லை, உடனே வெளியே எடுத்துவிட்டேன். தோளில் பையாக மாட்டி அதற்குள் பிள்ளையைப் படுக்க வைக்கும் ஒன்றும் ஒன்லைனில் விற்கிறார்கள், விலையும் குறைவு.

எங்கள் பெத்தாவோ (பாட்டி), "கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்த்திக் கட்டாதே, முள்ளந்தண்டு வளைந்துபோகும்" என்கிறார். அவர் பேச்சைத் தட்டவும் மனமில்லை. அடுத்தது வெக்கை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்க முடியவில்லை. இதற்குள் துணியையும் சுற்றினால் பிள்ளை அவிந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கிளினிக்குக்குத் தம்பியின் மோட்டார் சைக்கிளில்தான் போகவேண்டும். கட்டிக்கொண்டே போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காரைதீவு அக்கா

தங்கச்சி, என்னுடைய இரண்டு பிள்ளைகளும் துணிக்கட்டில் வளர்ந்தவர்கள்தான். கடைக் கரியர் நான் வாங்கவில்லை. மருதமுனைக் கைத்தறியில் ஒரு பருத்திச் சேலை எடுத்தேன், ஐந்தரை மீற்றர் நீளம். முழு அகலமும் இந்த வெயிலுக்குத் தேவையில்லை என்பதால் 70 சென்ரிமீற்றர் வரும்படி நீளவாக்கில் வெட்டி ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டேன். ஒரு சுற்றுத் துணிதான் பிள்ளையின் முதுகில் வரும், காற்றும் போகும்.

பழைய சேலையில் செய்யாதீர்கள், இழை நைந்திருந்தால் வெளியே தெரியாது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுத்தும் பாருங்கள். பட்டு, ஜோர்ஜெட், நைலோன் கலந்தது எதுவும் சரிவராது, முடிச்சு வழுகும். மெல்லிய வொயில் சேலையும் தொய்ந்துபோகும்.

துணியின் நடுவை நெஞ்சுக்குக் கொடுத்து, இரண்டு தலைப்பையும் முதுகில் குறுக்காக மாற்றித் தோளால் முன்னுக்கு இறக்கவேண்டும். பிள்ளையை நெஞ்சில் சாய்த்து அந்த நடுத்துணிக்குள் இறக்கி, ஓரம் ஓரமாக இழுத்து இறுக்கி, தலைப்புகளைப் பிள்ளையின் பின்பக்கத்துக்குக் கீழே குறுக்காகப் போட்டு, இரண்டு தொடைக்கும் கீழால் கொண்டுபோய் உங்கள் முதுகில் இரட்டை முடிச்சுப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிப் பழகுங்கள். கண்ணாடிக்கு முன், கட்டிலோரமாக. கை தானாக ஓடும் வரைக்கும் பிள்ளையை வைக்கவேண்டாம்.

பதில்: கல்முனைப் பக்கத்துத் தாதி

துணியா பக்கிளா என்பதைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி. முதலில் பிள்ளையின் மூச்சு.

நான் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோப் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்ந்தபடி வைத்துத் துணியால் கட்டிவிடுவோம். கங்காரு முறை என்பது இதைத்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறக்கும் பிள்ளைகளை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை இப்படி வைத்திருக்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதைப் பெத்தாவுக்கு ஆறுதலாகச் சொல்லுங்கள். அவர் கழுத்துக்குப் பயப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. கழுத்துக்குத் தாங்கல் இல்லாமல் கட்டுவதுதான் ஆபத்து. தாங்கல் சரியாக இருந்தால் நிமிர்த்திக் கட்டுவதால் முள்ளந்தண்டுக்கு ஒன்றும் ஆகாது.

பச்சைப் பிள்ளைக்குத் தலை பாரம், கழுத்தில் பலம் இல்லை, மூச்சுக்குழாய் ஒடுக்கமும் மென்மையும். நாடி (முகவாய்) நெஞ்சில் குத்தினால் அந்தக் குழாய் மடிந்துவிடும். அப்போது பிள்ளை அழாது, உதறாது. உறங்குகிறது என்றே நினைப்போம். துணியோ உங்கள் உடம்போ மூக்கையும் வாயையும் அழுத்தினாலும் இதே கதைதான், ஓரிரு நிமிடத்திலேயே விபரீதமாகிவிடும். அதனால் நாங்கள் வார்ட்டில் தாய்மாருக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவது ஒரே கிடைதான்: தலை ஒரு பக்கம் திரும்பி, நாடி கொஞ்சம் உயர்ந்து, கால் இரண்டும் தவளைக்கால் மாதிரி மடிந்து விரிந்து. நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் எப்போதும் உங்கள் ஒரு விரலாவது நுழையவேண்டும். குனிந்து பார்க்காமலே முகம் தெரியவேண்டும், தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தம் கொடுக்கக்கூடிய உயரத்தில் இருக்கவேண்டும். முதுகில் கையை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள், பிள்ளை மடிந்து கீழே இறங்கினால் கட்டு தளர்வு, அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். இறுக்கம் என்றால் பல தாய்மாருக்குப் பயம். உண்மையில் தளர்ந்த துணிதான் பிள்ளையை மடக்கும்.

இந்தக் கிடையைத் தருவது எதுவோ அதுவே உங்களுக்குரிய கரியர். அதனால்தான் அந்தத் தோள்பையை வாங்கவே வாங்காதீர்கள் என்கிறேன். பிள்ளை அதற்குள் வளைந்து கிடக்கும், நாடி நெஞ்சில் போய் முட்டும், மேலே துணி மூடிக்கொள்ளும். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு, நான்கு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தோளில் மாட்டும் ஸ்லிங்கில் வைப்பதில் மூச்சடைக்கும் ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்தது. அதே மாதத்தில் இப்படியான ஒரு தோள்பை பத்து இலட்சம் அளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிள்ளைகள் இறந்த பிறகு நடந்தது அது. குறைமாதம், இரட்டை, எடை குறைவு, தடிமன் சளி பிடித்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும் என்றும் அந்த ஆணைக்குழு சொன்னது. ஒன்லைனில் மலிவாக வருகிறது என்று யாராவது அனுப்பினால் இதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

மச்சாள் அனுப்பியது கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு அது இன்னும் பெரிது, அவ்வளவுதான். பக்கிள் கரியர்கள் பெரும்பாலும் 3.2 அல்லது 3.5 கிலோவிலிருந்துதான் தொடங்கும், அந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எடை வந்த பிறகும் ஒன்று பாருங்கள்: இருக்கைத் துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மற்ற முழங்கால் மடிப்பு வரைக்கும் சரியாக வரவேண்டும். அகலம் கூடினால் காலை வலிந்து விரிக்கும், குறைந்தால் கால் நேரே தொங்கும். முழங்கால் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர இருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது.

உங்கள் பிள்ளைக்கு இது இரட்டிப்பாக முக்கியம். பெண் பிள்ளை, முதல் பிள்ளை, வயிற்றில் கால் கீழாக இருந்தவள். இடுப்பு மூட்டு விலகல் இப்படியான பிள்ளைகளில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. பயப்படுத்தச் சொல்லவில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது. ஆனாலும் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம், "வயிற்றில் கால் கீழாக இருந்தவள், இடுப்பைப் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல நாடுகளில் இப்படியான பிள்ளைகளுக்கு ஆறு வாரமளவில் இடுப்பை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். காலை நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

உங்கள் தையலையும் மறக்கவேண்டாம். இடுப்புப் பட்டி வெட்டின இடத்தில் அழுத்தும். துணிக்கட்டில் பிள்ளையை மேலே, நெஞ்சில் வைக்கலாம் என்பதால் இப்போதைக்குக் காரைதீவு அக்கா சொன்னதுதான் பொருத்தம். தையலில் இழுவை, நோ தெரிந்தால் நிறுத்திவிட்டு டொக்டரைக் கேளுங்கள்.

வெக்கைக்கு: பிள்ளைக்கு ஒரு மெல்லிய சட்டை போதும், தொப்பி, காலுறை வேண்டாம். உள்ளங்கையைத் தொட்டு முடிவெடுக்காதீர்கள், பிடரியில் கை வையுங்கள். அங்கே சூடும் வியர்வையும் என்றால் உடனே வெளியே எடுங்கள். பதினொரு மணியிலிருந்து வெயில் தாழும் வரைக்கும் கட்டாமலே விடலாம், காலையும் மாலையும் போதும். வெயிலுக்கு என்று பிள்ளையின் தலைக்கு மேல் துவாயைப் போடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். தாகம் என்று தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள், தேவையில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்.

கட்டிக்கொண்டு அடுப்பில் நிற்காதீர்கள், சோறு வடிக்காதீர்கள், திருவலையில் இருக்காதீர்கள், கிணற்றில் அள்ளாதீர்கள். துணி மடிக்கலாம், முற்றத்தில் நடக்கலாம், இருந்து சாப்பிடலாம். கீழே ஏதாவது எடுக்கவேண்டுமானால் முழங்காலை மடக்கி இறங்கி, ஒரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஏறாவூரிலிருந்து ஒரு வாப்பா

சகோதரி, நான் ஓட்டோ ஓட்டுபவன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைத் தாதி அக்கா சொல்லிவிட்டார்.

மோட்டார் சைக்கிளில் வேண்டாம். கட்டினாலும் வேண்டாம், கையில் வைத்தாலும் வேண்டாம். பிரதான வீதியில் பஸ் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கரியர் பிள்ளையை உங்களோடு சேர்த்துப் பிடிக்கும், நீங்கள் விழுந்தால் உங்கள் பாரம் முழுவதும் பிள்ளையின் மேல்தான். பின்னால் இருக்கிற தாய்க்கு ஓடும்போது காற்றிலும் குலுக்கத்திலும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியாது. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்து, கிளினிக் நாளை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நடு இருக்கையில் இருங்கள், மெதுவாகப் போகச் சொல்லுங்கள். சொன்னால் கோபிக்க மாட்டோம். கார் கிடைத்தால் பிள்ளைக்கென்று உள்ள சீற்றில் வைத்துக் கட்டவேண்டும், நெஞ்சுக் கரியர் அதற்கு ஈடாகாது.

பக்கிள் கரியரைத் திருப்பி அனுப்பவேண்டாம். மகனுக்குக் கழுத்து நின்ற பிறகு நான் அதில்தான் தூக்கினேன், ஆண்களுக்கு அது இலேசு. லேபிளில் ஈஎன் 13209-2 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2236 என்று இருக்கிறதா பாருங்கள், அவை ஐரோப்பாவினதும் அமெரிக்காவினதும் பாதுகாப்புத் தரங்கள். லேபிளும் பாவனைக் கையேடும் இல்லாமல் வந்தால் போலியாக இருக்கலாம். தையலையும் பக்கிளையும் இழுத்துப் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு முறையும் போடுவேன். முகம் வெளியே பார்க்கும்படி வைப்பதற்கு ஐந்தாறு மாதமாவது போகட்டும்.

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருதமுனைச் சேலைக்கு அம்மா ஆள் அனுப்பிவிட்டார். தாதி அக்காவின் பதிலைப் பெத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கழுத்தைப் பிடித்துக் கட்டினால் சரி, ஆனால் தான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கட்டு என்கிறார். கிளினிக்குக்கு ஓட்டோவும் பேசியாயிற்று.

இன்னும் இரண்டு சந்தேகம். கட்டுக்குள்ளேயே பால் கொடுக்கலாமா? உறங்கிவிட்டால் எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்கலாம்?

பதில்: கல்முனைப் பக்கத்துத் தாதி

பெத்தா பக்கத்தில் இருப்பது மிக நல்லது, இன்னொரு சோடிக் கண் பார்க்குமே.

பால் கொடுக்க இப்போதைக்கு வெளியே எடுங்கள். நன்றாகப் பழகியவர்கள் கட்டைத் தளர்த்திக் கொடுப்பார்கள், ஆனால் குடித்து முடிந்ததும் பிள்ளை சாய்ந்த கிடையிலேயே உறங்கிவிடும், அதுதான் ஆபத்தான நேரம். கொடுத்து, ஏவறை விட்ட பிறகு திரும்ப நிமிர்த்திக் கட்டுங்கள்.

உறக்கத்துக்கு மணிக்கணக்கு இல்லை. நீங்கள் விழித்திருந்து, முகம் தெரிந்து, நாடி உயர்ந்திருந்தால் உறங்கலாம். பாலுக்கும் துணி மாற்றவும் எப்படியும் எடுப்பீர்கள்தானே, ஒவ்வொரு முறையும் கால்களைச் சுதந்திரமாக உதைக்க விடுங்கள். உங்களுக்குக் கண் சொருகினால் அவிழ்த்துவிட்டு, பிள்ளையைத் தட்டையான இடத்தில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். கங்காரு வார்ட்டில் தாய்மார் சாய்ந்து உறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நாங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம், வீட்டில் அப்படி ஆள் இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது துணியையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். மிட்வைஃப் மிஸ்ஸுக்கு முன்னால் ஒருமுறை கட்டிக் காட்டி, நாடியையும் காலையும் அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் காட்டையும் மறக்காதீர்கள், இடுப்புச் சோதனைக்கு அது வேண்டும்.