ஈப்போ – செனாய்: 433 கிலோமீட்டர் பறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலா?

சுங்கை சிப்புட் பையன்:
வணக்கம். அம்மாவை ஜொகூர் பாருவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். முட்டி வலி, காரில் ஆறு மணி நேரம் உட்கார முடியாது. அதனால் ஈப்போவிலிருந்து, ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து விமான நிலையமான செனாய்க்கு விமானம் பார்த்தேன். ஒரு தளத்தில் தூரம் 433 என்கிறது, இன்னொன்றில் 234. சாலை வழி 530க்கு மேல். பறக்கும் நேரமும் அப்படித்தான். ஒரு தளம் அரை மணி என்கிறது, டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. அம்மா ரப்பர் தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போனதில்லை, விமானம் இதுதான் முதல் தடவை. "எவ்வளவு நேரம்டா மேலே இருக்கணும்?" என்று தினமும் கேட்கிறார். தப்பான பதில் சொல்லிப் பயமுறுத்த மனமில்லை.

ரப்பர் காட்டு வாத்தியார்:
தம்பி, 433, 234 இரண்டும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்கள்.

நீங்களே கணக்குப் போடலாம். ஈப்போ நிலையம் வடக்கே 4.57 பாகை, கிழக்கே 101.09. செனாய் 1.64, 103.67. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தெற்கே 325, கிழக்கே 286. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான், குறுக்குக் கோடு 433 வரும். நெடுஞ்சாலை கோலாலம்பூர், சிரம்பான் என்று வளைந்து போவதால் நூறு கிலோமீட்டர் கூடுகிறது.

பினாங்கு தம்பி:
பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து போகலாமே, அங்கே விமானம் அதிகம்.

ரப்பர் காட்டு வாத்தியார்:
வேண்டாம் தம்பி. அங்கிருந்து செனாய் 550 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே போய்விட்டு மறுபடி தெற்கே வருவது முட்டி வலிக்காரருக்கு வீண் அலைச்சல்.

செனாய் அக்கா:
நேரத்துக்கு நான் சொல்கிறேன். அரை மணி என்பது 433ஐ உச்ச வேகத்தால், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில், வகுத்த கணக்கு. விமானம் எடுத்தவுடனே அந்த வேகத்தில் போகாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், மணிக்கு 463 கிலோமீட்டர்தான் பொதுவான வரம்பு. இவ்வளவு குறுகிய பயணத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும்தான் பெரும்பகுதி நேரம் போகும். டிக்கெட் நேரமோ, நிறுத்திய இடத்தை விட்டு நகர்ந்தது முதல் செனாயில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும்.

அம்மாவிடம், "மேலே முக்கால் மணி நேரம் போல, உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு மணிக்கு மேல்" என்று சொல்லுங்கள். காது அடைக்கும், மிட்டாய் கையில் இருக்கட்டும். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் சிரமம்.

அப்புறம், செனாயிலிருந்து ஜொகூர் பாரு நகரம் 30 கிலோமீட்டர் போல. உங்கள் வீட்டு வாசலிலிருந்து அக்கா வீட்டு வாசல் வரை நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள்.

சுங்கை சிப்புட் பையன்:
மிக்க நன்றி அக்கா, வாத்தியார் ஐயா. அப்படியே சொன்னேன். "அவ்வளவுதானா, பால் வெட்டி முடித்து ஸ்டோருக்கு நடக்கிற நேரம்" என்றார். இன்று ராத்திரி டிக்கெட் எடுக்கிறேன், சக்கர நாற்காலியோடு.