ஊர்ச் சங்கத்தோட ஒரு வருசக் கணக்கு: நடத்திப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

வாழப்பாடி பக்கம், சங்கச் செயலாளர்:

பங்குனி பாதி தாண்டிட்டா எனக்குத் தோட்டத்து வேலையை விடச் சங்கத்து வேலைதான் அதிகம். மார்ச் 31 அன்னிக்கு ரொக்கப் புத்தகத்துல கையிருப்பு, பேங்க் இருப்பு ரெண்டையும் எழுதி, தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திருப்பணும்னு எங்க பழைய தலைவர் பழக்கி வச்சிருக்கார். அவர் இப்போ பொறுப்புல இல்லை. பழக்கம் இருக்கு.

எங்களது பெரிய சங்கம் ஒண்ணும் இல்லைங்க. ஊர்ல ஒரு சாவு விழுந்தா வீட்டுக்கு இருநூறு ரூபா வசூல் பண்ணி, பொணம் எடுக்கிறதுக்கு முன்னாடியே அந்த வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்துடுவோம். பிரீசர் பாக்ஸ், பந்தல் சாமான், நாற்காலி, அண்டா, குண்டா எல்லாம் உறுப்பினருக்குச் சும்மா, வெளியாளுக்கு வாடகை. பன்னெண்டாவது முடிச்சு மேல படிக்கப் போற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பணம். இதுதான் வேலை. ஆனா நடு ராத்திரி ஒரு வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டா, பெட்டியை எடுத்துட்டு ஓட நாலு பேரும், கொடுக்கப் பணமும் எப்பவும் தயாரா இருக்கணும். அதுக்கு வருசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டுப் பார்த்தே ஆகணும்.

புதுசாப் பொறுப்புக்கு வந்த தம்பிமாருக்கு நான் சொல்ல நினைக்கிறது ஒண்ணுதான். மகாசபை, அதாவது வருசப் பொதுக்கூட்டம், அன்னிக்கு நடக்கிறது கடைசி வேலை. அதுக்கு முந்தின வாரங்கள்ல வீடு வீடாப் போறதுதான் நிஜமான வேலை. உறுப்பினர் பட்டியலைக் கையில எடுத்துக்கிட்டு ஒவ்வொரு வாசலுக்கும் போங்க. யார் காலமாயிட்டாங்க, எந்தப் பையன் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போயிட்டான், யார் திருப்பூர் போயிட்டாலும் சந்தாவை விடாம கட்டறாங்க, இதெல்லாம் ஆபீசுல உக்காந்தா தெரியாது. பாக்கு உரிக்கிற சீசன்ல பாதி ஊர் பகல்ல வீட்டுல இருக்காது, அப்போ ராத்திரி சோத்து நேரத்துக்கு அப்புறம்தான் போகணும். மரவள்ளி பிடுங்குற நேரம்னா கையில காசு இருக்கும், பழைய பாக்கி அப்பத்தான் வரும்.

பாக்கி கேக்கறதுல ஒரு முறை இருக்கு. நாலு பேர் முன்னாடி கேக்கக் கூடாது. மகாசபையில பாக்கிதாரர் பேரை வாசிக்கிற சங்கம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். எங்க ஊர்ல அதை வாசிச்சா அந்த மனுசன் அடுத்த வருசத்துல இருந்து கூட்டத்துக்கே வரமாட்டார், அவர் வீட்டுச் சாவுக்கு நாம போறதுக்கும் கூசும். வாசல்ல நின்னு, "மாமா, போன வருசத்துது கொஞ்சம் நிக்குது, எப்ப வசதிப்படும்?"னு கேட்டாப் போதும். இல்லாதவங்க இல்லைன்னு சொல்லிடுவாங்க. அவங்களுக்குத் தவணை கொடுக்கிறதா, தள்ளுபடி பண்றதான்னு கமிட்டி உக்காந்து முடிவு பண்ணி மினிட் புக்குல எழுதிடுவோம். காரணத்தை எழுதறதில்லை.

மகாசபையில கணக்கை மட்டும் முழுசா வாசிக்கணும். "மொத்த வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு, எல்லாரும் ஒத்துக்கறீங்களா"ன்னு கேட்டுட்டு வடை காப்பிக்குப் போற பழக்கம் பல ஊர்ல இருக்கு. அதை நான் கடுமையா எதிர்க்கிறேன். நாங்க ஒவ்வொரு வவுச்சரா வாசிக்கிறோம். ரெண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஒரு வருசம் அப்படி வாசிச்சப்போ பின்வரிசையில இருந்த ஒரு அப்பாயி எழுந்து, "சித்திரையில ஒரு சாவுக்கு வாங்கின விறகுக்கும் ஐப்பசியில வாங்கின விறகுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்?"னு கேட்டாங்க. ஐப்பசியில அடைமழை. ஊர்ல காய்ஞ்ச விறகே கிடைக்காம டவுன் டிப்போவுல வாங்கி, வண்டி வாடகை வேற கொடுத்திருந்தோம். பொருளாளர் ரெண்டு ரசீதையும் எடுத்து அவங்க கையிலேயே கொடுத்தார். பேத்தி வாசிச்சுக் காட்டினா. அப்பாயி தலையாட்டிட்டு உக்காந்தாங்க. அதே கூட்டத்துலதான் கொட்டகையில விறகு வாங்கி அடுக்கி வைக்கணும்னு தீர்மானம் போட்டோம். முன்மொழிஞ்சது அந்த அப்பாயிதான். சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பொம்பளை முன்மொழிஞ்ச முதல் தீர்மானம் அது.

ஏற்காடு மலை, கிராம சங்க உறுப்பினர்:

அண்ணன் சொல்ற வீடு வீடாப் போற கதை மலையில வேற மாதிரி. நாகலூருக்கு அந்தாண்ட எங்க ஊர். ஒரு குடும்பம் ஒரு மேட்டுல இருந்தா அடுத்த குடும்பம் எதிர் மேட்டுல இருக்கும். நடுவுல காப்பித் தோட்டம், இறக்கம், ஓடை. பல இடத்துல போன்ல சிக்னல் கிடையாது. அதனால சேதி சொல்ல ஆள்தான் போகணும்.

எங்களுக்குச் சங்கம்கிறது புதுசு, ஏற்பாடு பழசு. மலையாளின்னு சொல்ற எங்க மலைப் பழங்குடி மக்கள் ஊர்ல ஊர்க்கவுண்டர், மூப்பன், அதுக்கு மேல பல ஊர் சேர்ந்த நாட்டுக்குப் பட்டக்காரர்னு தலைமுறை தலைமுறையா இருக்கு. சாவுக்கு யார் என்ன செய்யணும், கல்யாணத்துக்கு எந்த வீட்டுல இருந்து என்ன வரணும், எல்லாம் எழுத்து இல்லாமலே நடந்துச்சு. பேங்க்குல கணக்குத் தொடங்கணும், கட்டடத்துக்கு உதவி கேக்கணும்னு வந்தப்போதான் பதிவு பண்ணினோம். எங்க பெரியவங்க அதுக்கு ஒரு நிபந்தனை வச்சாங்க. சங்கத்தோட எழுத்து விதியான துணைவிதிப்படி தலைவர், செயலாளர் யாரை வேணா தேர்ந்தெடுங்க, கூட்டத்தை ஊர்க்கவுண்டர் வாக்குச் சொல்லித்தான் தொடங்கணும்னு. இன்னிக்கும் அப்படித்தான். எழுத்துல தலைவர் கையெழுத்து இருக்கும், அதுக்கு முன்னாடி ஊர்க்கவுண்டர் வாய்வார்த்தை இருக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சதில்லை.

கூட்டத்துக்கு நாள் குறிக்கிறதுதான் எங்களுக்குப் பெரிய யோசனை. கார்த்திகை, மார்கழி, தையில காப்பிப் பழம் பறிப்பு. கூலிக்குப் போறவங்க ஒரு நாளை விடமாட்டாங்க, விடச் சொல்லவும் கூடாது. ஐப்பசி மழையில ரோட்டுல எங்க மண் சரியும்னு சொல்ல முடியாது. அதனால சேர்வராயன் கோயில் திருவிழாவை ஒட்டி மே மாசம் வச்சுக்கிறோம். சேலத்துலயும் திருப்பூர்லயும் வேலை பாக்கற பிள்ளைங்க திருவிழாவுக்கு எப்படியும் வந்துடுவாங்க. அவங்க பேரைப் பட்டியல்ல வச்சுக்கிட்டு வேற நாள்ல கூட்டம் போட்டா கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு, சேராது. ஒரு தடவை அப்படிச் சேராமப் போய்க் கூட்டத்தைத் தள்ளி வச்சாங்க, காகிதத்தை எல்லாம் மறுபடி சேலத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து ரொம்பச் சிரமம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிட்டு வர்றவங்களுக்குத்தான் அது தெரியும்.

ஓமலூர் பக்கம், மகளிர் உறுப்பினர்:

அந்த அப்பாயி கதையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் சங்கத்தில் உறுப்பினர் என்றால் வீட்டுக்கு ஒருவர், அதுவும் ஆண். அப்பா இறந்தபோது சங்கத்திலிருந்து பணம் வந்தது, பெட்டி வந்தது, குறை இல்லை. அடுத்த வருடம் சந்தா கட்ட அம்மா போனார்கள். பட்டியலில் அப்பா பெயரை அடித்திருந்தார்கள், அம்மா பெயரை எழுதவில்லை. நான் ஒரே பெண், தம்பி கிடையாது. "உறுப்பினர் இல்லாத வீடு" என்று அதற்கு ஒரு தலைப்பு போட்டுத் தனிப் பக்கம் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எங்களைப் போல இன்னும் சில வீடுகள் இருந்தன, எல்லாமே கணவனை இழந்தவர்களின் வீடு.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எழுதி வைத்த நாளில் யாரும் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்? வருடாவருடம் கட்டின பணம் யாருடையது? இந்த இரண்டு கேள்வியையும் எழுதி, அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாப் பெண்களிடமும் கையெழுத்து வாங்கி, கூட்ட அறிவிப்பு வரும் முன்பே செயலாளரிடம் கொடுத்தேன். முன்பே கொடுத்ததுதான் முக்கியம். கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் "பொருளில் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள்.

துணைவிதியைத் திருத்தச் சாதாரணத் தீர்மானம் போதாது, சிறப்புத் தீர்மானம் வேண்டும். வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. எங்கள் பக்கம் ஆண்கள்தான் ஓட்டு. நான் சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று ஒவ்வொருவரிடமும் போய், "நாளைக்கு நீங்க இல்லைன்னா சின்னம்மா பேரு அந்தப் பக்கத்துலதான் போகும்" என்று சொன்னேன். அதற்குமேல் யாரும் எதிர்க்கவில்லை. இப்போது உறுப்பினர் இறந்தால் அவர் மனைவியோ கணவரோ தானாகவே உறுப்பினர், அவரும் இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர், ஆணானாலும் பெண்ணானாலும்.

ஆத்தூர், முன்னாள் பொருளாளர்:

பொறுப்பு ஒப்படைக்கும் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஒரு கமிட்டியின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது, திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் ஊரில் மூன்று வருடம் முடிந்ததும் பழைய கமிட்டியும் புதுக் கமிட்டியும் சாமான் கொட்டகையில் ஒரு முழு நாள் உட்காருவோம். அண்டா எத்தனை, போசி எத்தனை, ஜல்லிக்கரண்டி எத்தனை, ஜமக்காளம் எத்தனை, கிழிந்தது எது, ஈயம் பூச வேண்டியது எது, எல்லாம் பார்த்துச் சரக்குப் புத்தகத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. ரசீது புத்தகங்களின் அடிக்கட்டைகளையும் நம்பர் வரிசையாக எண்ணி வாங்க வேண்டும். பயன்படுத்தாத ரசீது ஒன்று வெளியே போய்விட்டால் அதில் யார் பெயரில் யார் வசூலிக்கிறார்கள் என்று தெரியாது.

பிரீசர் பெட்டியைக் கட்டாயம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுக் குளிர் இறங்குகிறதா என்று பாருங்கள். சாவு வீட்டில் போய் அது ஓடவில்லை என்றால் அந்தக் குடும்பம் படும் பாடு சொல்லி மாளாது.

பேங்க்கில் கையெழுத்து மாற்றுவதற்குத் தீர்மான நகல் கேட்பார்கள். "தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் சேர்ந்து" என்று தெளிவாக எழுதுங்கள். ஒருவர் கையெழுத்தில் பணம் எடுக்கும்படி எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள். எடுப்பவர் நல்லவராக இருந்தாலும், ஒருநாள் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அவர்தான் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு கையெழுத்து அவருக்கும் காவல். கமிட்டி மாறியதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு உரிய படிவத்தில் தெரிவிப்பதையும், ஆண்டுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்வதையும் கூட்டம் முடிந்த சூட்டோடு செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மனுப்போட்டு அலைய வேண்டும். பழைய பேங்க் புத்தகமும் தணிக்கை அறிக்கையும் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

தாரமங்கலம் பக்கம், துணைச் செயலாளர்:

எங்ககிட்ட இப்போ சந்தா முக்கால்வாசி போன்லயே வந்துடுது. ஒரே கண்டிசன், சங்கக் கணக்குக்கு மட்டும்தான் அனுப்பணும். பொருளாளரோட சொந்த நம்பருக்கு வந்தா அதை ரசீதா எழுதமாட்டோம், திருப்பி அனுப்பிடுவோம். ஆரம்பத்துல மனஸ்தாபம் வந்துச்சு, இப்போ பழகிட்டாங்க. போன்ல கட்டினாலும் காகித ரசீது வீட்டுக்குப் போய்க் கொடுத்துடறோம். வயசானவங்க அதைச் சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுக்கிறாங்க.

வாழப்பாடி பக்கம், சங்கச் செயலாளர்:

ஓமலூர் அக்கா எழுதினதைப் படிச்சதும் எங்க பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எங்க துணைவிதியிலயும் வாரிசு யாருன்னு ஒரு வரியும் இல்லை. வழக்கத்துல மகன் பேரை எழுதிக்கிட்டு வந்திருக்கோம். மகன் இல்லாத வீடு எங்க ஊர்லயும் இருக்கு. அந்த விறகு அப்பாயி வீடே அப்படித்தான், மகள் பேத்தியோட இருக்காங்க. மகாசபைக்கு வந்து உக்காருவாங்க, பேசுவாங்க, நாங்களும் அவங்களை உறுப்பினராத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தோம். பட்டியல்ல காலமான அப்பாரு பேர்தான் இருக்கு.

இந்த வருசக் கூட்டத்துக்கு இன்னும் நோட்டீஸ் போகலை. எங்க துணைவிதிப்படி சிறப்புத் தீர்மானத்துக்கு இருபத்தொரு நாள் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கணும், அதுக்கு நேரம் இருக்கு. திருத்தத்தைப் பதிவாளர் பதிவு பண்ணினப்புறம்தான் அது செல்லும்கறதால, கூட்டம் முடிஞ்ச வாரமே தாக்கல் பண்ணிடலாம்னு தலைவர்கிட்டப் பேசிட்டேன். அக்கா, நீங்க நிறைவேத்தின திருத்தத்தோட வாசகத்தை அப்படியே இங்க போட முடியுங்களா? "மனைவியோ கணவரோ தானாகவே"ங்கற இடத்துல எப்படி எழுதினீங்கன்னு பார்க்கணும். விண்ணப்பம் எழுதிக் கேட்டாத்தான்னு வச்சா, பதினாறாம் நாள் காரியம் கூட முடியாத வீட்டுல போய்ப் படிவத்தை நீட்ட வேண்டி வரும். அது வேண்டாம்னு நினைக்கிறேன்.