லிட்டில் மோர்டன் ஹாலின் கறுப்பைச் சுரண்டலாமா?

முகில்வண்ணன்:
இங்கிலாந்தின் செஷயரில் அகழிக்கு நடுவே கோணல்மாணலாக நிற்கும் லிட்டில் மோர்டன் ஹால் படத்தை நேற்று ஒருவர் இங்கே போட்டு, 'டியூடர் காலத்துக் கறுப்பு வெள்ளை அழகு' என்று எழுதியிருந்தார். வீடு டியூடர் காலத்ததுதான். 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1610 வாக்கில் கட்டி முடித்தார்கள். ஆனால் வீட்டைத் தாங்கும் ஓக் மரச் சட்டங்களுக்குக் கன்னங்கரேலென்று தார் பூசி, நடுவிலுள்ள சுவர்க் கட்டங்களுக்குப் பளீர் வெள்ளை அடிப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். சஃபோக்கில் இருக்கும் லாவன்ஹம் ஊரைப் பாருங்கள், பல வீடுகளில் ஓக் வெயிலிலும் மழையிலும் வெளுத்து வெள்ளிச் சாம்பலாக நிற்கிறது. அதனால் இந்தக் கறுப்பை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

வாய்ச்சி:
எதை வைத்து எடுப்பீர்கள்? மணலை வீசியடித்தா? அந்தக் காலத் தச்சர்கள் சட்டகம் முழுவதையும் பட்டறையிலேயே பொருத்திப் பார்த்து, பிறகு பிரித்து, கட்டுமிடத்தில் மறுபடி எழுப்பினார்கள். எந்தக் கழுந்து, அதாவது சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு, எந்தத் துளைக்கு என்று தெரிய ரோம எண் மாதிரி கோடுகளை உளியால் வெட்டி வைப்பார்கள். இந்தத் தச்சர் குறிகளுக்குப் பக்கத்திலேயே, மரத்தைச் செதுக்கும் வாய்ச்சி என்ற கருவியின் தடமும் இருக்கும். மணல் பட்டால் முதலில் போவது இவைதான். பழைய கட்டடங்களைச் சுரண்டிப் 'புதுப்பித்த' கூத்தைப் பொறுக்காமல்தான் ஆங்கிலேய வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார்.

முகில்வண்ணன்:
மணல் வீசச் சொன்னது யார் ஐயா? அழகை விடுங்கள், நான் ஈரத்தைச் சொல்கிறேன். ஓக்கைப் பச்சையாகவே அறுத்து வேலை செய்தார்கள். காயக் காய அது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், வெடிப்பும் விடும். மர முளை அடித்த பிடிப்புகள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வெடிப்பு வழியாக உள்ளே போன மழைநீர் தார்ப் படலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மரம் உளுத்துப்போகும். குச்சிகளைப் பின்னி மண் பூசிய பழைய தட்டிச் சுவரின் களிமண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தைக் குடித்துவிட்டு வெளியே விட்டுவிடும்.

வாய்ச்சி:
சரி, ஈரத்துக்கே வருவோம். இப்படிப்பட்ட வீடுகளில் கட்டங்களைப் பிற்காலத்தில், ஈரத்தை வெளியே விடாத சிமெண்ட் வைத்து அடைத்ததால் வந்த கேடு கொஞ்சமா? அதை மறந்துவிட்டுப் பூச்சை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

ஆனந்தி_சென்னை:
நீங்கள் இருவரும் நிறத்துக்கே சண்டை போடுகிறீர்கள், யாரும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கவில்லை. 1560களில் தென்பகுதியைக் கட்டத் தொடங்கிய பிறகு, உச்சியில் 68 அடி நீளக் கூடம் ஒன்றைப் பின்யோசனையாக ஏற்றினார்கள் போலிருக்கிறது. அதற்கு மேல் ஓடு இல்லை, கனமான கற்பலகைகள்! பாரம் தாங்காமல் கீழ்மாடிகள் பிதுங்கி வளைந்ததால்தான் அந்த வீட்டுக்கு இந்தக் குடிகாரத் தோற்றம். 1977இல் அந்தப் பலகைகள் பிடிப்பு விட்டிருப்பது தெரிந்து, படிப்படியாகப் பழுது பார்த்தார்கள். அப்போது மாற்றிய புது மரங்களுக்குக் கறுப்பு அடிக்கவில்லை. 1938 முதல் வீட்டை வைத்திருக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை உங்கள் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

முகில்வண்ணன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்!

வாய்ச்சி:
இல்லை. புதுமரம் புதுமரமாகவே தெரியட்டும் என்பது நேர்மை. அதைக் காட்டிப் பழையதைச் சுரண்ட அனுமதி கேட்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேலான பூச்சு, அதுவும் வீட்டின் சரித்திரம்தான். அந்த முற்றத்து ஜன்னல்களில் 1559 என்று வருடம் போட்டு, ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் தன் பெயரையும் செதுக்கியிருக்கிறார். அவர் காலத்து நிறத்துக்குப் போவதா, கூடத்தை ஏற்றிய பிறகான நிறத்துக்கா? எங்கே நிறுத்துவீர்கள்?

முகில்வண்ணன்:
எங்கே நிறுத்துவது என்பது அப்புறம். பின்பக்கம், யார் கண்ணிலும் படாத ஒரு தூணில் மட்டும் கையால் மெதுவாக எடுத்துப் பார்க்கட்டும். என்ன நஷ்டம்?

வாய்ச்சி:
அந்தத் தூணில்தான் தச்சர் குறி இருந்தால்?