வெயில் வராத பால்கனியில் செடி வைத்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் இரண்டாம் மாடி

ஒரே ஒரு பூ. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் பால்கனி வடக்கு பார்த்தது, எதிரே எட்டடியில் அடுத்த கட்டடத்துச் சுவர். அப்படியும் ஆசை விட்டதா? குரோ பேக் (செடி வளர்க்கிற பை), தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் வாங்கி நாலு தக்காளி நாற்று வைத்தேன். செடி என்னமோ ஆளுயரம் போனது. ஆனால் தண்டு பேனா ரீஃபில் கனம்தான், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி. கிரில்லுக்கு வெளியே தலையை நீட்டி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். 70 நாள் கழித்து ஒரு பூ வந்தது. வீடியோவில் பார்த்தபடி, மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கட்டும் என்று பழைய டூத் பிரஷ் எடுத்துக் காம்பை லேசாகத் தட்டினேன். பூ அப்படியே உள்ளங்கையில் விழுந்துவிட்டது. பின்னால் நின்ற மாமியார், "தட்டாம இருந்தா இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கும்" என்றார். தட்டியதாலா, வெயில் இல்லாததாலா? யாராவது சொல்லுங்கள்.

பச்சைவிரல்

தட்டியதால் இல்லை. உங்கள் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாவற்றுக்கும் தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். காய் வேண்டுமானால் வெயில், இலை போதுமானால் வெளிச்சம், கணக்கு அவ்வளவுதான். கடையில் வாங்கின புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, தண்டைத் தண்ணீரில் போட்டு வேர் வந்ததும் ஊன்றுங்கள். பொன்னாங்கண்ணி, வல்லாரை, கற்பூரவல்லி, இஞ்சி இதெல்லாம் ஓரளவு வெளிச்சத்திலேயே சமாளிக்கும். ஆனால் வெயிலில் வைக்கிற செடிக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலில் மண் சீக்கிரம் காயாது. விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், மண் ஈரமாக ஒட்டினால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். மண்ணுக்கு மேல் கொசு மாதிரி குட்டிக் கருப்புப் பூச்சி பறந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். உரமும் பாதி போதும். செடி வளரவில்லையே என்று இன்னும் இரண்டு கை போடுவார்கள், அதுதான் தப்பு. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, தண்ணீரில் கரைத்துச் சாயங்காலம் தெளிக்கலாம். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள், காற்று போகட்டும்.

என் சொந்த அனுபவம் என்று கேட்டால், எனக்கு மொட்டைமாடி. நிழல் பிரச்சினை இல்லை.

முதல் மாடிக்கு மேல்

மொட்டைமாடிக்காரரே, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஊற்றின தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் சொல்லவில்லையே? ஒரு வெள்ளிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டுப் பெரியவர், கோவிலுக்குக் கட்ட வைத்திருந்த வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளை வேட்டியில் நடுவே தேநீர் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. நார்க்கழிவுச் சாயம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வேட்டியைக் காட்டினார், மடித்தார், போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போட வேண்டும், தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. லிஃப்டில் அவரைப் பார்த்தால் இன்றும் நான் படியில்தான் இறங்குகிறேன்.

சோழவந்தான் பெண்

வேளச்சேரியில் வீடு வாங்கினபோது எல்லாரும் பால்கனியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் தரையில். "கொடிக்கால் மாதிரி இருக்கேம்மா" என்றார். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். எங்கள் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். அகத்தியை வளர்த்து, அந்த நிழலில்தான் கொடியை ஏற்றுவார்கள். உச்சி வெயில் நேரே பட்டால் வெற்றிலைக்கு ஆகாது. அடுத்த முறை வரும்போது ஈரத்துணியில் சுற்றிக் கொடித்துண்டு கொண்டுவந்து ஊன்றிவிட்டுப் போனார். இப்போது போன் செய்தால் பேரனை விசாரிக்கிறாரோ இல்லையோ, "எத்தனை கணு ஏறியிருக்கு?" என்பார். நேற்று எண்ணிச் சொன்னேன், 23. ஒரு கணு கூட்டித்தான் சொன்னேன், அது உறுத்துகிறது.

நிழலில்லா நாள்

முதலில் எழுதியவரிடம் ஒரு சண்டை. வடக்கு பால்கனியில் வெயிலே வராது என்று யார் சொன்னது? சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி வரும். நடுவில் உள்ள மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் சாய்வாக உள்ளே அடிக்கும். தெற்கு பால்கனிக்கு இது தலைகீழ், மார்கழி தையில்தான் விருந்து. இது தெரியாமல் நான் மே மாதம் வெயிலைப் பார்த்துவிட்டு வெண்டை விதைத்தேன். நாலு காய் பறித்தேன். செப்டம்பரில் ஒருநாள் காபியோடு போய் நின்றால், வழக்கமாகத் தரையில் விழுகிற அந்த மஞ்சள் பட்டை கிரில்லோடு நின்றுவிட்டது. செடியில் இரண்டு பிஞ்சு இருந்தது, அது முற்றவே இல்லை.

மடிப்பாக்கம் இரண்டாம் மாடி

எதிரே சுவர் என்று எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா? சூரியன் வடக்கே வந்தாலும் அந்தச் சுவரைத் தாண்டி வர வேண்டாமா!

மற்றபடி எல்லாருக்கும் நன்றி. தக்காளியைப் பிடுங்கிவிட்டேன். புதினா வைக்கலாம் என்று காலையில் போனால், காலி பையில் புறா இரண்டு முட்டை இட்டிருக்கிறது. மாமியார் பையைத் தொடக்கூடாது என்கிறார். பொரிக்க 18 நாள் ஆகுமாம், அப்புறம் குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்கு மேல். புதினாத் தண்டு சமையலறை டம்ளரில் வேர் விட்டு நிற்கிறது.